கொடி ஏற்றியவர் மேயரானார்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர், மாட்டுங்கா ரோடில் மின்சார ரயிலேறி கிராண்ட் ரோடில் இறங்கினால், ஆகஸ்ட் கிராந்தி மைதானம் நடைதூரமே. அந்நாளில் அதன் பெயர் கோவாலியா டாங்க். 1942 ஆகஸ்ட் 9 காலை, தலைவர்கள் சிறைப்பட்டிருந்த வேளையில், அங்கே மூவர்ணக் கொடியை உயர்த்தினார் அருணா ஆசப் அலி. அப்போது அவருக்கு வயது 33.

பிறகு தலைமறைவு வாழ்வு. சொத்து பறிமுதலாயிற்று, பிடித்துத் தருவோர்க்கு 5,000 ரூபாய் என்றது அரசு. உடல் நலிந்திருந்த அவரைச் சரணடையுமாறும், அப்பரிசுப் பணத்தை ஹரிஜனத் தொண்டுக்கு ஒதுக்குமாறும் காந்தியடிகளே எழுதினார். அம்மையார் இணங்கவில்லை. 1946இல் பிடியாணை நீங்கிய பின்னரே வெளிப்பட்டார்.

1958இல் தில்லி மாநகராட்சியின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைமறைவினும் இதுவே கடினமான பணி என்பது நமது எண்ணம். காவலரை ஏய்க்கத் துணிவு போதும். குடிநீருக்கும் சாக்கடைக்கும் அது போதாது. மேலும், 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் ஆணையரிடமே இருந்தது. மேயருக்கு அவைத்தலைமையும் மதிப்புமே மிகுதி. மும்பையிலும் ஏற்பாடு ஏறக்குறைய அதுவே. சாலில் குழாய் வறண்ட நாளில் வார்டு அலுவலக வாயிலில் நின்ற நம்மவர் இதனை நன்கறிவர்.