டீவியில் வரும் பெண்ணும் நம்ம வீட்டுப் பிள்ளையும்

(தோட்ட வாசிகசாலையில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ரியாலிட்டி ஷோ பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேர் சில பேருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி யாருக்கும் புதிது இல்லை. கதை எழுதி, வசனம் எழுதி நடிப்பது நாடகம். அப்படி இல்லாமல், நிஜ ஆட்களைக் கொண்டுவந்து, அவங்க சிரிக்கிறது, அழுவுறது, சண்டை போடுறது எல்லாத்தையும் படம் பிடித்துக் காட்டுவதுதான் ரியாலிட்டி ஷோ. பிக் பாஸ் அப்படி. பாட்டுப் போட்டி அப்படி. புருசன் பெண்சாதி சண்டையை மேடையில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிற நிகழ்ச்சியும் அப்படி. லயத்துக் கூரைகளில் டிஷ் ஏறின நாளிலிருந்து தமிழ்நாட்டுச் சானல்கள் நம்ம இஸ்தோப்புக்கே வந்துவிட்டன. இப்போது ஃபோனிலும் துண்டு துண்டாக வருகிறது.

இதையெல்லாம் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோறாக்கி வைத்த பிறகு, ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து டீவி பார்க்க ஒரு தாய்க்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பன்னிரண்டு வயது மகள் இருக்கிறாள். பதினான்கு வயது மகன் இருக்கிறான். பெண் என்றால் யார், அவள் எப்படி நடப்பாள், அவளை எப்படி நடத்தலாம் என்று அந்தப் பிள்ளைங்க அங்கிருந்து எதைப் படிக்கிறாங்க என்பதுதான் என் பேச்சு.

உண்மை எவ்வளவு, ஒட்டு எவ்வளவு?

பிக் பாஸ் நம்ம ஊர்ச் சரக்கு அல்ல. 1999இல் நெதர்லாந்து நாட்டில் ‘பிக் பிரதர்’ என்ற பேரில் தொடங்கியது. 2006இல் இந்தியில் வந்தது. தமிழில் 2017 ஜூன் மாதம் விஜய் டீவியில் கமல் ஹாசன் நடத்தத் தொடங்கினார். 2024இல் அந்த இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார். ஒரு வீட்டுக்குள் பதினைந்து பேர் அளவில் சேர்த்து, சுமார் 100 நாள் அடைத்து வைக்கிறார்கள். ஃபோன் இல்லை, பேப்பர் இல்லை, வெளி ஆள் பேச்சு இல்லை. மூலைக்கு மூலை கேமரா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம். நமக்குக் காட்டுவது ஒரு மணி நேரம் அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. அதிலும் விளம்பரம் போக வேண்டும். மீதி எங்கே? வெட்டி எறிந்துவிட்டார்கள்.

ஃபேக்டரி வேலை தெரிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு கிலோ தேயிலை செய்யச் சுமார் நாலரை, ஐந்து கிலோ கொழுந்து வேண்டும். வாட்டி, அரைத்து, காய வைத்து, சலித்துத்தான் தேயிலை வருகிறது. டீவிக்காரரும் சலிக்கிறார். ஆனால் அவர் சல்லடையில் நிற்பது சண்டை, அழுகை, காதல், கோள் சொல்லுதல். ஒரு பெண் காலையில் எல்லாருக்கும் சமைத்ததும், காய்ச்சல்காரிக்குக் கஞ்சி கொடுத்ததும் சல்லடைக்குக் கீழே போய்விடும். சாயங்காலம் இரண்டு நிமிசம் சத்தம் போட்டது மட்டும் மேலே நிற்கும். மறுநாள் அந்த இரண்டு நிமிசத்தைத்தான் விளம்பரத்தில் பத்துத் தடவை போடுவார்கள்.

இன்னொரு வித்தையும் இருக்கிறது. திங்கட்கிழமை ஒருத்தி சிரித்த முகத்தை, வெள்ளிக்கிழமை இன்னொருத்தி அழுத காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டலாம். பார்க்கிற நாம் என்ன சொல்வோம்? “பாரு, அவ அழுவுறா, இவ சிரிக்கிறா, என்ன நெஞ்சழுத்தம்!” என்போம். இரண்டு காட்சியும் உண்மைதான். சேர்த்து வைத்ததுதான் பொய்.

பெண்ணை எப்படிக் காட்டுகிறார்கள்?

2018இல் கலர்ஸ் தமிழ் சானலில் ‘எங்க வீட்டு மாப்பிள்ளை’ என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. மாப்பிள்ளை நடிகர் ஆர்யா. அவரைக் கட்டிக்கொள்ளப் போட்டி போட்டது 16 பெண்கள். வாரா வாரம் சில பெண்களை ‘வேண்டாம்’ என்று அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் கண்ணீரோடு போனதை நாமும் பார்த்தோம். கடைசியில் அவர் யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. 2019இல் வேறு ஒரு நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார். அது அவருடைய சொந்த விசயம். ஆனால் அந்த நிகழ்ச்சி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் என்ன? ஒரு ஆம்பிளை உட்கார்ந்திருப்பான், பதினாறு பொம்பிளைகள் அவன் முன்னால் தங்களை நிரூபிக்க வேண்டும் என்பதுதானே? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நின்ற நம்ம தாய்மாருக்கு அந்த நிற்பின் கஷ்டம் தெரியும். அதையே பதினாறு மடங்காக்கி விளையாட்டு என்று காட்டினார்கள்.

2017இல் பிக் பாஸ் முதல் பருவத்திலே, போட்டிக்கு வந்த ஒரு பெண் இன்னொரு பெண்ணின் நடத்தையைக் குறை சொல்ல ‘சேரி’ என்ற சொல்லை இழிவாகப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு வந்தது. நாம் இதைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. ‘தோட்டக்காட்டான்’, ‘தோட்டக்காட்டாள்’ என்ற சொல்லைப் பஸ்ஸிலும் பட்டணத்துக் கடையிலும் கேட்டு வளர்ந்த சனம் நாம். ஏழைகள் வாழும் இடத்தின் பேரை வசவாக்கினால் எங்கே வலிக்கும் என்று நமக்குத் தெரியும். வெட்டி எறிய எவ்வளவோ இருந்தும் அந்தச் சொல்லை வெட்டாமல் ஒளிபரப்பினார்களே, ஏன்? சண்டை வளர்ந்தால் பார்க்கிற கூட்டம் வளரும்.

ஜீ தமிழில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ வந்தது. யாருடைய குடும்பச் சண்டை அந்த மேடைக்கு வந்தது? பெரும்பாலும் ஏழை எளிய குடும்பங்களுடையது. பங்களாவில் இருக்கிறவர்களுக்குச் சண்டை இல்லையா? இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், கதவும் இருக்கிறது. 2018 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதிக்கும் அளவுக்கு விசயம் போனது.

நம்ம நாட்டுப் பிள்ளையும் இதில் அகப்பட்டதுண்டு. 2019இல் இலங்கையிலே செய்தி வாசித்த லொஸ்லியா பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். இடையில் அவருடைய தகப்பனார் அந்த வீட்டுக்கு வந்து மகளைக் கண்டித்ததும், அழுததும் எல்லா வீட்டு டீவியிலும் ஓடியது. தகப்பன் கோபப்படுவதும் மகள் பதில் சொல்வதும் ஒரு குடும்பத்துக்குள் நடக்க வேண்டியவை. அதைக் கடல் கடந்து இத்தனை வீடுகளில் தீர்ப்புச் சொல்லும் வழக்காக மாற்றினது கேமராதான். அந்த வாரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே நாமும் தீர்ப்புச் சொன்னோம்.

பிள்ளைங்க மனசில் என்ன பதியுது?

2011இல் அமெரிக்காவின் பெண் சாரணியர் அமைப்பு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 11 வயதிலிருந்து 17 வயது வரையான 1,100க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெண்களுக்குள்ளே புறணி பேசுவது சாதாரணம்தான் என்று, ரியாலிட்டி ஷோ விடாமல் பார்க்கிற பிள்ளைகளில் 100க்கு 78 பேர் சொன்னார்கள். பார்க்காத பிள்ளைகளில் 54 பேர். நல்லவளாக இருப்பதைவிடக் கடுமையாக நடந்தால்தான் மதிப்பு என்று, பார்க்கிறவர்களில் 37 பேரும் பார்க்காதவர்களில் 24 பேரும் சொன்னார்கள்.

இதை வைத்து டீவிதான் பிள்ளைகளைக் கெடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட எண்ணம் முதலிலேயே உள்ள பிள்ளைங்க அதை அதிகம் பார்த்திருக்கலாம். அதே கணக்கெடுப்பில், பார்க்கிற பிள்ளைங்க தங்களால் தலைமை தாங்க முடியும் என்று அதிகம் நம்புவதாகவும் தெரிந்தது. ஆகவே எல்லாம் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். 2023இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா சரிகமப பாட்டு மேடையில் வென்றபோது எத்தனை பிள்ளைங்க தாங்களும் பாடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்! அங்கே பார்த்தது ஒரு பெண் பிள்ளையின் திறமையை. மற்ற இடத்தில் பார்க்கிறது அவளுடைய அழுகையை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைங்களுக்குப் புரிய வைப்பது நம்ம கையில் இருக்கிறது.

நம்ம லயத்திலும் ஓட்டுப் போடுகிறோம்

இப்போது சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம லயத்தில் ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். இந்தக் காம்பராவில் இருமினால் அந்தக் காம்பராவில் கேட்கும். இங்கே ஒரு பிள்ளை ஸ்கூல் விட்டு வரும்போது, கூடப் படிக்கிற பொடியனோடு பஸ் ஹோல்டில் நின்று நாலு வார்த்தை பேசினாள் என்று வையுங்கள். யாரோ ஒருவர் ஃபோனில் படம் எடுக்கிறார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, நடுவில் பத்து விநாடி. அது ஃபோனுக்கு ஃபோன் போகிறது. சாயங்காலத்துக்குள் தண்ணிப் பீலியில் பேச்சு, கோயிலடியில் பேச்சு. மறுநாள் தகப்பன் சொல்கிறார்: “படிச்சது போதும், வீட்டுல இரு.”

இதுவும் ஒரு நாமினேஷன்தானே? ஒரு பக்கப் படத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டு அவளை வெளியேற்றிவிட்டோம். பிக் பாஸ் வீட்டிலிருந்து போகிறவர் சம்பளத்தோடும் பேரோடும் போகிறார். நம்ம பிள்ளை ஓ/எல் பரீட்சை எழுதாமல் போகிறாள். சில பிள்ளைக்கு அவசரக் கல்யாணம். சில பிள்ளைக்குக் கொழும்பில் வீட்டு வேலை. ஆம்பிளைப் பிள்ளையை மட்டும் யாரும் ஸ்கூலிலிருந்து நிறுத்துவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 16 வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது கட்டாயம். பொதுச் சட்டப்படி 18 வயதுக்கு முன் கல்யாணம் செல்லாது. ஊர்ப் பேச்சு சட்டத்தைவிடப் பெரியது இல்லை.

என்ன செய்யலாம்?

ஒன்று, பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போதே கேளுங்கள்: “இந்தச் சண்டைக்கு முன்னால என்ன நடந்திருக்கும்? இதையே ஒரு ஆம்பிளை செய்திருந்தா திமிருன்னு சொல்லுவாங்களா, தைரியம்னு சொல்லுவாங்களா? இவ அழுதா யாருக்கு லாபம்?” பெரிய படிப்பு இல்லாத தாயும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்டுப் பழகின பிள்ளை எதையும் அப்படியே நம்பாது.

இரண்டு, ஒரே காம்பராவில் டீவியும் படிப்பும் ஒன்றாக நடக்காது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த நேரம் டீவியை நிறுத்துங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

மூன்று, தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. டீவியில் வரும் பெண்ணைப் பார்த்து நீங்கள் சொல்லும் சொல்லை மகன் மனசில் எழுதி வைக்கிறான். நாளைக்கு அதே சொல்லைத் தங்கச்சிக்கும், பிறகு பெண்சாதிக்கும் சொல்வான். மகளோ, நாம் வாய் திறந்தால் அப்பா நம்மையும் இப்படித்தான் சொல்வார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய கஷ்டத்தையும் மறைத்துவிடுவாள்.

நான்கு, ஒரு பிள்ளையைப் பற்றின படம் ஃபோனில் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்களோடு நிற்கட்டும். பிள்ளையை யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். பெரிய பெண்களுக்கு 1938. இரண்டு இலக்கத்தையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

ஐந்து, மாதர் சங்கத் தலைவிமாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு தடவையாவது இந்த வாசிகசாலையில் பிள்ளைங்களுக்கு ஒரு மேடை கொடுங்கள். பாடட்டும், விவாதம் பண்ணட்டும், பேசட்டும். பெண் பிள்ளை சத்தமாகப் பேசினால் வாயாடி என்று சொல்லாமல் கை தட்டுங்கள். பொடியன்மாரும் உட்கார்ந்து கேட்டுப் பழகட்டும்.

தாய்மாரே, கூடை சுமந்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, நோயோடும் பிரட்டுக்குப் போய்க் குடும்பத்தை நிறுத்தி வைத்திருக்கிற பெண்கள் நீங்கள். உங்களை எந்த கேமராவும் காட்டுவதில்லை. அதனால் உங்கள் பாட்டை நீங்களே உங்கள் மகளுக்கும் மகனுக்கும் சொல்லுங்கள். நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், யார் நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள். இன்று ராத்திரியே டீவியை அரை மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட்டு இதைத் தொடங்கலாம்.