எரிகிற வீட்டில் பிடுங்குகிறவர்கள்

(மூணாறில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2011 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப் பெரியாறு தகராறு முற்றியது. குமுளி வழி அடைபட்டது. உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தையோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கின. அந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைபட்டன. பக்கத்துப் பக்கத்து லயத்தில் இருந்தவர்களைச் சில நாளில் பகைவராக்கிவிட முடிந்தது. இது ஒரே நாட்டுக்குள், இரண்டு மாநிலங்களின் விவகாரம். இதையே இரண்டு நாடுகள், கையில் துப்பாக்கியோடு செய்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன. கொழும்பில் மட்டுமல்ல, மலையகத்திலும். இக்கரையில் தமிழர்கள் கண்ணீர் விட்டார்கள், உண்டியல் குலுக்கினார்கள். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் டெல்லியின் கணக்கு வேறு. ஜெயவர்த்தனா அரசு அமெரிக்கா பக்கம் சாய்ந்திருந்தது. பாகிஸ்தானிடமும் இஸ்ரேலிடமும் ராணுவ உதவி தேடியது. கொழும்பை வழிக்குக் கொண்டுவர டெல்லிக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. ஈழத்து இளைஞர்களுக்கு டேராடூன் பக்கத்திலும் தமிழ்நாட்டிலும் ஆயுதப் பயிற்சி கிடைத்தது. ஓர் இயக்கத்துக்கல்ல, பல இயக்கங்களுக்கு. 1986-இல் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தபோது, தமிழன் கைத் துப்பாக்கி தமிழனையே சுட்டது.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் எந்தத் தமிழ் இயக்கத்தின் கையெழுத்தும் இல்லை. கூடவே பரிமாறிக்கொண்ட கடிதங்களில் என்ன இருந்தது தெரியுமா? இந்தியாவுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை வேறு நாட்டு ராணுவத்துக்குத் தரக்கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்க வேண்டும். அந்நிய வானொலி நிலையங்களுடன் செய்த ஏற்பாடுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும். வீடு எரிந்தவன் கேட்டது இந்த எண்ணெய்த் தொட்டியையா?

அக்டோபரில் பயிற்சி கொடுத்த நாட்டின் ராணுவமும் புலிகளும் மோதினர். சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். நடுவில் சிக்கிய யாழ்ப்பாணத்து மக்களின் துயரம் சொல்லி முடியாது. அடுத்து வந்த பிரேமதாசா என்ன செய்தார்? இந்திய ராணுவத்தை விரட்டப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார்! 1990 மார்ச்சில் ராணுவம் கப்பலேறியது. ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர்.

மொழியைப் பிடித்த தீ மதத்தையும் பிடித்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் ஊரைவிட்டு வெளியேற்றினர். கிழக்கில் அரசு முஸ்லிம் ஊர்க்காவலருக்குத் துப்பாக்கி கொடுத்தது. ஒரே தமிழ் பேசிய இரு கிராமத்தாரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தனர்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அங்கேயும் இதே கதைதான். சவுதிக்கும் ஈரானுக்கும் மேலாதிக்கப் போட்டி. அதற்குப் போர்த்திய போர்வை சன்னி, ஷியா. 2015 மார்ச்சில் சவுதி ஏமன் மீது குண்டு போட்டது. ஈரான் ஹூதிகளுக்குக் கை கொடுத்தது. 2021 முடிவுக்குள் 3,77,000 பேர் மாண்டிருப்பர் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அதில் பாதிக்கு மேல் பசியும் நோயும் கொன்றவை. 2023 மார்ச் 10-இல் பெய்ஜிங்கில் சவுதியும் ஈரானும் சமரசம் செய்துகொண்டன. பெரியவர்கள் கை குலுக்கலாம். செத்த பிள்ளை திரும்புமா?

தோழர்களே, மொழியை விடுங்கள், மதத்தை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்குக் குறை உண்டு. அது உண்மையான குறை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் மட்டும் உஷாராயிருங்கள். உனக்காக வந்தேன் என்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் கூப்பிட்டோமா? நாளைப் பேச்சுவார்த்தையில் எங்களுக்கு நாற்காலி உண்டா? நீங்கள் போன பிறகு அடி யார் முதுகில்?

2015 செப்டம்பரில் இதே மூணாறு வீதியில் கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று! எந்தத் தலைவரையும் முன்னால் நிறுத்தவில்லை. கேட்டது 20 சதம் போனஸ். ஒன்பது நாளில் பெற்றார்கள். தமிழில்தான் கோஷம் போட்டார்கள். மலையாளிகளும் பக்கத்தில் நின்றார்கள். நம் குறையை நம் வாயால் நாமே பேசினால் அதை வேறு யாரும் விலை பேச முடியாது.