ஆலயத்துச் சாவி
(தோட்ட வாலிபர் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போதகர் ஐயா கூப்பிட்டபோது, "எங்களுக்குப் பிரசங்கம் வராதுங்க ஐயா" என்றோம். "பிரசங்கம் வேணாம், தோட்டத்தில பார்த்ததைச் சொல்லுங்க" என்றார். அதனால்தான் துணிந்து வந்தோம்.

நம் ஆலயம் ஞாயிறு காலையில் திறக்கிறது. ஆராதனை முடிந்ததும் பூட்டினால் அடுத்த ஞாயிறுதான். உள்ளே பெரும்பாலும் பாட்டிமார். வாலிபர்கள் வெளியே மதகில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்தியில்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். நாங்கள் அந்த மதகிலேயே போய் உட்கார்ந்து கேட்டோம். ஒரு தம்பி சொன்னார்: "உள்ள போனா கதிரை தூக்கச் சொல்லுவாங்க சார். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அன்றிரவு எங்களுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

1854இல் நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பெயரே கூலி மிஷன். பெயரைக் கேட்டால் இன்று சுருக்கென்கிறது. அந்தக் காலத்து உபதேசிமார் லயம் லயமாக நடந்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். சனம் இருந்த இடத்துக்கு அவர்கள் போனார்கள். இன்று சனம் வரட்டும் என்று நாம் காத்திருக்கிறோம்.

பெல்ஜியம் நாட்டில் யோசப் கார்டைன் என்று ஒரு குருவானவர். தொழிலாளி வீட்டுப் பிள்ளை. குருமடத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது, ஆலைக்கு வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை எதிரியைப் போலப் பார்த்தார்களாம். அந்த வலியை அவர் மறக்கவில்லை. 1912இல் லாக்கன் பங்குக்குப் போனதும், வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகக் கூட்டினார். 1925இல் அது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமாகியது. அவர் காட்டிய வழி: பார், சீர்தூக்கு, செய். அவர் கத்தோலிக்கர், நமது வேறு சபை. அதனால் என்ன?

நாமும் பார்ப்போமே. இங்கே எத்தனை பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி? 15 வயது முடிந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் பிழையென்றால் அது இழுபடும். கையில் அட்டை இல்லாமல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பொலிசும் பயம், முதலாளியும் பயம். வாலிபர் சங்கம் லயத்துக்கு இரண்டு பேராகப் போய்ச் சான்றிதழ்களைப் பார்த்து எழுதி வந்தால், கிராம சேவகரிடமும் பதிவாளரிடமும் நாங்கள் கூட வருவோம். இதுவும் ஊழியம்தான்.

அடுத்தது படிப்பு. சாதாரண தரத்தில் கணக்கு தவறிய பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். லயக்காம்பிராவில் அப்பா, அம்மா, தொலைக்காட்சி எல்லாம் ஒரே இடத்தில். பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? ஆலயத்தில் வாங்கு இருக்கிறது, லைட் இருக்கிறது. ஆனால் படிக்க வரும் பிள்ளையிடம் மதம் கேட்கக் கூடாது. கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் வைத்தால், அடுத்த கிழமை மாரியம்மன் கோயில் பக்கத்து அம்மா பிள்ளையை அனுப்ப மாட்டார். அது நியாயம்தான்.

இப்போது பெரியவர்களிடம் ஒரு வார்த்தை, கோபிக்காதீர்கள். பிள்ளைகள் ஆலயத்தைப் பாழாக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். ஒரு கண்ணாடி உடையலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். சாவியில் ஒன்றை வாலிபர் சங்கத்துத் தங்கை ஒருவரிடம் கொடுங்கள். வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நாங்கள் சோக்கும் கரும்பலகையும் கொண்டு வருகிறோம். கதவு திறந்திருக்குமா என்பதை இன்றைக்கே, கூட்டம் கலைவதற்கு முன், சொல்லிவிடுங்கள்.