சைக்கிள் நகரத்தின் பேருந்துத் தடம்

ஒரு காலத்தில் புனேயைச் சைக்கிள் நகரம் என்றே அழைத்தார்கள். இன்று அங்கே இருசக்கர மோட்டார் வண்டிகளின் இரைச்சல்.

2006 டிசம்பரில் காத்ரஜ் - ஸ்வார்கேட் - ஹடப்சர் சாலையில் பேருந்துகளுக்கென்றே தனித் தடம் ஒதுக்கினார்கள். இந்தியாவுக்கே அது முன்னோடி. 2019-இல் மின்சாரப் பேருந்துகளும் வந்தன. அவற்றுக்குப் புகைக்குழாய் கிடையாது. நிறுத்தத்தில் குழந்தையோடு நிற்கும் தாயின் முகத்தில் கரும்புகை அடிக்காது. கார்பனைக் குறைப்பது என்றால் சாமானியருக்கு இதுதான் பொருள்.

ஆனால் தடத்துக்குள் காரும் ஸ்கூட்டரும் புகுந்தன. நெரிசலுக்குத் தடமே காரணம் என்று அரசியல்வாதிகள் சிலர் எதிர்த்தார்கள். ‘நகர் ரோடு’ எனப்படும் சாலையின் ஒரு பகுதியில் தடத்தைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். காரில் போகிறவரின் குரல் எட்டிய இடத்துக்குப் பேருந்துக்குக் காத்திருப்பவரின் குரல் எட்டவில்லை, வேதனைதான்.

2022 மார்ச்சில் மெட்ரோ வந்தது. நிலையத்திலிருந்து வீடுபோய்ச் சேர, பலருக்கு இன்னமும் பேருந்துதான் வேண்டும்.