ஓர் ஊசி, ஒரு மாத மருந்து



புராஸ்டேட் புற்றுநோய் முற்றிய ஆண்களுக்கு லியூப்ரோலைடு என்றொரு மருந்து தருவார்கள். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த புரதத் துணுக்கு அது. விழுங்கினால் வயிறும் குடலும் செரித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். அதனால் முதலில் தினம் ஓர் ஊசி போட வேண்டியிருந்தது. 1989-இல் அமெரிக்காவில் லுப்ரான் டிப்போ அனுமதி பெற்றதும், மாதம் ஓர் ஊசி போதும் என்றானது.

அந்த ஊசியில் மருந்தைப் பொதிந்த நுண்ணுருண்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலியாகப் பிணைந்த பாலிமரில் செய்தவை. அறுவை சிகிச்சையில் தானே கரையும் தையல் நூலும் இந்தப் பாலிமர் குடும்பம்தான்.

தசையில் தங்கிய உருண்டைக்குள் உடம்பின் நீர் ஊறி, சங்கிலிகளை அறுக்கிறது. சோப்புக்கட்டி போல மேலிருந்து தேய்வதில்லை. உள்ளும் புறமும் ஒருசேர இற்றுப்போகிறது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. மிஞ்சும் அமிலங்களை உடம்பு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. லாக்டிக் அமிலத்தின் பங்கைக் கூட்டினால் நீர் மெதுவாக ஊறும், மருந்து வெளிவரும் காலமும் நீளும். ஆனால் உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டிய மருந்து முதல் நாளே மொத்தமாக வெளியேறிவிடக் கூடும். அதைக் கட்டுப்படுத்துவதில்தான் தயாரிப்பவர்களின் திறமை இருக்கிறது.

மாதம் ஓர் ஊசி என்ற வசதியோடு இதன் பயன் முடிந்துவிடவில்லை. லியூப்ரோலைடு, மூளையில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போன்றது. அந்த ஹார்மோன் விட்டுவிட்டு வந்தால்தான் பிட்யூட்டரி சுரப்பி அதற்குச் செவிசாய்க்கும். இடைவிடாமல் வந்தால், முதலில் கொஞ்சம் தூண்டப்பட்டு, பிறகு அடங்கிவிடும். அதனால் சில வாரங்களில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வீழ்கிறது. இந்தப் புற்றுநோய் வளர்வதற்குத் துணையாக இருப்பதே அதுதான். ஆக, மருந்து சீராகக் கசிவதே இங்கே சிகிச்சை.

மனச்சிதைவுக்கான ரிஸ்பெரிடோன், 2003-இல் இதே முறையில் அமெரிக்காவில் இரு வார ஊசியாக வந்தது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான நால்ட்ரெக்சோன், 2006-இல் மாத ஊசியாக வந்தது. அன்றாடம் மாத்திரை விழுங்கும் பாரம் இவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை வீட்டில் உடனிருப்பவர்கள் அறிவார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இத்தகைய ஊசி போடப்படுகிறதா? உடம்பு தேறியதுபோல் தெரிகிறதே என்று அடுத்த ஊசியைத் தள்ளிப்போட விடாதீர்கள். உருண்டைகளில் மருந்து தீரும் நாளைக் கணக்கிட்டே மருத்துவர் தேதி குறிக்கிறார். அந்தத் தேதியில் நோயாளியை அழைத்துப் போங்கள்.