அத்திலாந்திக்கின் இரு கரைகள்: வர்த்தக ஒப்பந்தங்களின் வரியும் வழக்கும்

வட அத்திலாந்திக் சமுத்திரத்தின் குளிர்ந்த நீரிலே, கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையோரத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலக் கரையோரத்திலும், ஒரே இனத்துச் சிங்க இறால் பிடிபடுகின்றது. கடலும் ஒன்று, உயிரினமும் ஒன்று, பிடிக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் 2017ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 21ஆந் திகதி தொடக்கம், கனடாவிலிருந்து உயிருடன் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட இறாலுக்கு இறக்குமதித் தீர்வை நீங்கிற்று. மேயினிலிருந்து சென்ற இறாலுக்கோ நூற்றுக்கு 8 வீதத் தீர்வை தொடர்ந்து விதிக்கப்பட்டது. ஐரோப்பிய வணிகர் எப்பக்கம் திரும்பினர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்க இறாலுக்கும் தீர்வையை நீக்க ஐரோப்பிய ஒன்றியம் உடன்பட்ட பின்னரே இவ்வேற்றுமை மறைந்தது.

இரு தரப்பார் தமக்குள் தீர்வையைக் குறைத்துக்கொள்ளும்போது வர்த்தகம் இரு வகையில் மாறக்கூடும் என்று யேக்கப் வைனர் என்னும் பொருளியலறிஞர் 1950ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். முன்பு இல்லாத வர்த்தகம் புதிதாகப் பிறப்பது ஒன்று. ஏலவே இருந்த வர்த்தகம் வெளியிலுள்ளவரிடமிருந்து உள்ளிருப்பவரிடம் திரும்புவது மற்றொன்று. முன்னையது செல்வத்தைப் பெருக்கும். பின்னையது ஒருவர் கையிலிருந்ததை மற்றொருவர் கைக்கு மாற்றும். வெளியே நிற்கும் வறிய நாடுகளுக்கு இது சிறிய காரியமன்று. இலங்கை 2010இல் இழந்து 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் மீளப் பெற்ற ஐரோப்பியத் தீர்வைச் சலுகையை நேயர்கள் அறிவர். செல்வ நாடுகள் ஒன்றுக்கொன்று தீர்வையை முற்றாக நீக்குந்தோறும், அத்தகைய சலுகையின் பெறுமதி தேய்ந்துகொண்டே செல்லும்.

மேலே குறித்த 2017ஆம் ஆண்டு மாற்றத்துக்குக் காரணமாயிருந்தது, ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் செய்துகொண்ட விரிவான பொருளாதார வர்த்தக உடன்படிக்கையாகும். அதற்கான பேச்சு 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆரம்பமாகி, 2014இல் முடிவுற்றது. அதன் தற்காலிக அமுலாக்கம் தொடங்கிய நாளிலேயே, தீர்வைப் பட்டியலிலுள்ள இனங்களுள் நூற்றுக்கு 98 வீதமானவை தீர்வையற்றனவாயின. ஆனால் அவ்வுடன்படிக்கையின் பெரும் பகுதி தீர்வையைப் பற்றியதன்று. கனடாவின் மாகாண அரசுகளும் நகர சபைகளும் பொருள் வாங்கும்போது ஐரோப்பியக் கம்பனிகளும் விலைமனுக் கோர உரிமை, ஐரோப்பிய ஊர்ப் பெயர்களால் அறியப்படும் 143 உணவு, பானப் பண்டங்களின் பெயர்களுக்குப் பாதுகாப்பு, சேவைத் தொழில்களுக்கான விதிகள், முதலீட்டாளருக்கான காப்பு ஆகிய யாவும் அதனுள் அடங்கின. பழைய காலத்து வர்த்தக ஒப்பந்தம் துறைமுக வாயிலோடு நின்றது. இக்காலத்து ஒப்பந்தமோ ஊருக்குள் புகுந்து, சட்டசபையின் வாயிலையும் தட்டுகின்றது.

இதனிலும் பெரிய முயற்சியொன்று 2013ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தொடங்கியது. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையே எண்ணப்பட்ட அத்திலாந்திக் வர்த்தக, முதலீட்டுப் பங்காண்மை. ஐரோப்பிய ஆணைக்குழுவின் வேண்டுகோளின்படி இலண்டனிலுள்ள பொருளாதாரக் கொள்கை ஆராய்ச்சி நிலையம் 2013இல் வெளியிட்ட கணிப்பு, ஒப்பந்தம் முழு அளவில் நிறைவேறுமாயின் 2027 அளவில் ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் 11,900 கோடி யூரோவும், அமெரிக்காவுக்கு 9,500 கோடி யூரோவும் நன்மை உண்டாகும் என்றது. நால்வரைக் கொண்ட ஐரோப்பியக் குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 545 யூரோ கிட்டும் எனவும் அது கூறியது. மறுபுறம், அமெரிக்காவின் டவ்ற்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐரோப்பாவில் ஏறத்தாழ 6 இலட்சம் வேலைகள் இழக்கப்படும் என மதிப்பிட்டது. ஒரே ஒப்பந்தத்தைப் பற்றி இரு கற்றறிந்த கூட்டத்தார் இவ்வாறு எதிரெதிரான முடிவுக்கு வந்தது எவ்வாறு? ஒரு தொழிலில் வேலையிழந்தவர் வேறொரு தொழிலில் இடம்பெறுவர் என்பது முதலாவது கணக்கின் அடிப்படை எடுகோள். அவ்வாறு நிகழாதும் போகலாம் என்பது இரண்டாவது கணக்கின் தொடக்கம். ஆகவே எண்கள் மாத்திரம் கொண்டு இவ்விடயத்தைத் தீர்க்க இயலாது.

மேலும், அத்திலாந்திக்கின் இரு கரைகளுக்கும் இடையே தீர்வைகள் ஏலவே தாழ்ந்திருந்தன. எதிர்பார்க்கப்பட்ட நன்மையிற் பெரும்பங்கு, பண்டங்களின் தரம் பற்றிய விதிகளை இணக்குவதாலேயே வரவேண்டியிருந்தது. அது எத்துணைக் கடினமான பணி என்பதற்கு மாட்டிறைச்சியின் வரலாறு சான்றாகும். வளர்ச்சி ஓமோன் ஊட்டப்பட்ட மாடுகளின் இறைச்சியை 1989ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பா தடைசெய்தது. அத்தடைக்குப் போதிய விஞ்ஞான மதிப்பீடு இல்லை என 1998இல் உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு மன்றம் தீர்த்தது. ஐரோப்பா தடையை நீக்க மறுத்தது. அமெரிக்கா 1999இல், ஆண்டுக்கு 11 கோடி 68 இலட்சம் டொலர் பெறுமதியான ஐரோப்பியப் பண்டங்கள் மீது தண்டத் தீர்வை விதித்தது. பத்தாண்டு கழித்து, 2009இல், ஓமோன் ஊட்டாத மாட்டிறைச்சிக்கு மாத்திரம் தீர்வையற்ற பங்கீடு வழங்கிச் சமரசம் செய்யப்பட்டது. வழக்கில் தோற்ற பின்னரும் மக்கள் தம் உணவு பற்றிய விருப்பத்தைக் கைவிடவில்லை.

எனினும், ஐரோப்பாவிற் பெருங் கிளர்ச்சியை எழுப்பியது இறைச்சியைக் காட்டிலும் வழக்குமன்றமே. அந்நிய முதலீட்டாளர் ஒருவர், தம் உடைமைக்கு அரசின் செயலால் நட்டம் நேர்ந்தது எனக் கருதினால், நாட்டின் நீதிமன்றத்தை நாடாமல், மூவர் கொண்ட சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றத்தில் அரசின்மீதே வழக்குத் தொடுக்கலாம் என்ற ஏற்பாடு அக்காலத்து முதலீட்டு உடன்படிக்கைகள் பலவற்றில் இருந்தது.

இவ்வேற்பாட்டின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. 1987ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்த இறால் பண்ணையொன்று பாதுகாப்புப் படை நடவடிக்கையொன்றின்போது அழிவுற்றது. அதிற் பங்குகொண்டிருந்த ஒங்கொங் கம்பனி, பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்த உடன்படிக்கையைக் காட்டி, வாஷிங்டனிலுள்ள முதலீட்டுப் பிணக்குகளுக்கான சர்வதேச நிலையத்தில் வழக்கிட்டது. தனி ஒப்பந்தம் எதுவுமின்றி, நாடுகளிடை உடன்படிக்கையையே ஆதாரமாகக் கொண்டு அந்நிலையத்திற் தீர்ப்புப் பெற்ற முதலாவது வழக்கு இதுவே. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அழிவைச் செய்தவர் யாரென்பது ஐயமற நிறுவப்படாவிடினும், உரிய கவனத்துடன் காக்க அரசு தவறியது எனக் கண்ட மன்றம், 460,000 டொலரும் வட்டியும் வழங்கப் பணித்தது. அன்று அப்பண்ணையில் வேலைசெய்த இளைஞர் பலரும் உயிரிழந்திருந்தனர். முதலிட்டவருக்குத் திறந்திருந்த அக்கதவு, அவ்விளைஞரின் பெற்றோருக்குத் திறந்திருக்கவில்லை. உடன்படிக்கை முதலீட்டைக் காக்கவே எழுதப்பட்டிருந்தது.

கனடாவும் இவ்வனுபவத்தை அறியும். வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ், 1997இல் எதில் என்னும் அமெரிக்கக் கம்பனி அந்நாட்டின்மீது 25 கோடி 10 இலட்சம் டொலர் நட்டஈடு கோரியது. பெற்றோலுடன் கலக்கும் இரசாயனம் ஒன்றின் இறக்குமதியைக் கனடா தடைசெய்தமையே காரணம். உள்நாட்டு வர்த்தக உடன்படிக்கையின் கீழ் மாகாணங்களும் அத்தடையை எதிர்த்திருந்தன. 1998இல் கனடா தடையை மீட்டு, ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இத்தகைய வழக்குகளை அறிந்த ஐரோப்பிய மக்கள் 2014ஆம் ஆண்டில், ஆணைக்குழு அபிப்பிராயம் கோரியபோது, ஏறத்தாழ 150,000 மறுமொழிகளை அனுப்பினர். பேச்சாளருக்கு 2013இல் வழங்கப்பட்ட பணிப்புரையே 2014 ஒக்டோபர் வரை மக்களுக்கு வெளியிடப்படவில்லை என்பது அவர்தம் ஐயத்தை வளர்த்தது. 2015 ஒக்டோபர் 10ஆந் திகதி பேர்லினில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர்வலம் சென்றனர். அமெரிக்காவுடனான பேச்சு 15 சுற்றுக்களின் பின் 2016இல் நின்றது. 2019 ஏப்பிரிலில் அதன் பழைய பணிப்புரை காலாவதியானதென ஒன்றியம் அறிவித்தது.

கனடாவுடனான உடன்படிக்கையின் கதி வேறாயிற்று. பெல்ஜியம் ஒரு கூட்டாட்சி நாடு. பிராந்தியங்களின் சம்மதமின்றி மத்திய அரசு இத்தகைய உடன்படிக்கையில் ஒப்பமிட முடியாது. அதன் பிராந்தியங்களுள் ஒன்றான வலோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 36 இலட்சம். பழைய நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் மூடப்பட்டதால் நலிந்த நாடு அது. நமூர் நகரிலுள்ள அதன் பாராளுமன்றம் 2016 ஒக்டோபர் 14ஆந் திகதி சம்மதம் மறுத்தது. ஐம்பது கோடி மக்களைக் கொண்ட ஒன்றியமும், மூன்றரைக் கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்ட கனடாவும் ஒரு சிறு சபையின் முன் காத்து நின்றன. கனடாவின் வர்த்தக மந்திரி மனங்கலங்கிப் பேச்சை விட்டு வெளியேறினார். 27ஆந் திகதி நிகழவிருந்த ஒப்பமிடும் வைபவம் நடைபெறவில்லை.

வலோனியாவின் முதன்மை மந்திரி போல் மக்னெட் வர்த்தகத்தை எதிர்க்கவில்லை. அரசின் சட்டமியற்றும் உரிமை காக்கப்படுமா, வழக்கைத் தீர்ப்போர் பக்கச்சார்பற்றோராயிருப்பரா, கமக்காரருக்குக் காப்பு உண்டா என்பனவே அவர் எழுப்பிய வினாக்கள். விளக்கப் பத்திரம் ஒன்று உடன்படிக்கையோடு இணைக்கப்பட்டது. முதலீட்டு மன்றம் ஒன்றியத்தின் சட்டத்துக்கு இயைந்ததா என உயர் நீதிமன்றிடம் கேட்கப் பெல்ஜியம் உறுதியளித்தது. அதன் பின்னரே 30ஆந் திகதி பிரசெல்சில் ஒப்பமிடப்பட்டது.

2019 ஏப்பிரில் 30ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், அம்மன்ற ஏற்பாடு ஒன்றியச் சட்டத்துக்கு முரணன்று என அபிப்பிராயம் தெரிவித்தது. அதற்கு முன்பே, 2016 தொடக்கத்தில், பழைய நடுத்தீர்ப்பு முறைக்குப் பதிலாக, 15 உறுப்பினரைக் கொண்ட நிலையான மன்றமும் மேன்முறையீடும் உடன்படிக்கையில் இடம்பெற்றிருந்தன. இது கிளர்ச்சியின் நற்பயன் என்றே கூறல் தகும். எனினும் பிணக்கு ஓயவில்லை. 2020இல் சைப்பிரஸ் பாராளுமன்றம் தன் நாட்டு ஹலூமிப் பாற்கட்டிக்குப் பாதுகாப்பு இல்லையெனக் குறைகூறி உடன்படிக்கையை நிராகரித்தது. 2022 நவம்பரில் அயர்லாந்தின் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எழுவருள் நால்வர், அன்றிருந்த சட்டநிலையில் அதனைப் பின்னுறுதி செய்வது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றனர். 2024 மார்ச்சில் பிரெஞ்சு செனற் சபையும் அதற்கு எதிராக வாக்களித்தது. எல்லா நாடுகளும் உறுதிசெய்ய வேண்டியிருந்தமையால், 2017இல் அமுலுக்கு வந்த பகுதிகளுள் முதலீட்டு மன்றம் சேர்க்கப்படவில்லை.

இவ்வாறு காலந்தாழ்த்தினால் உலகில் எவ்வுடன்படிக்கையும் நிறைவேறாது என்போர் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. விதிகள் இல்லாதவிடத்து வலியவரின் விருப்பமே விதியாகும். 2025 யூலை 27ஆந் திகதி, ஸ்கொத்லாந்தில் அமெரிக்கச் சனாதிபதியும் ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவியும் சந்தித்து, ஐரோப்பியப் பண்டங்களுட் பெரும்பாலானவை மீது 15 வீத அமெரிக்கத் தீர்வை எனும் இணக்கத்தை அறிவித்தனர். அது பல ஆண்டு விவாதித்து எழுதிய உடன்படிக்கையன்று. மேலும் உயர்ந்த தீர்வை வருமென்ற அச்சுறுத்தலின் நிழலிற் பிறந்தது. விதிகளால் அமைந்த வர்த்தகத்தின் அருமை அன்று பலருக்கு விளங்கியிருக்கும்.

ஆகவே சிறிய நாடுகள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது, உடன்படிக்கைகளை அஞ்சி ஒதுக்குவதன்று. தீர்வை எவ்வளவு குறையும் என்று கேட்பதோடு நில்லாது, பிணக்கு எழுந்தால் தீர்ப்பவர் யார், அவர்முன் செல்ல உரிமை யாருக்கு உண்டு, ஒப்பமிடுமுன் மக்களவை முழுப் பத்திரத்தையும் வாசித்ததா என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். வலோனியா கேட்டது இவ்வளவே. அதனால் ஒப்பமிடும் நாள் பிந்தியது மூன்றே தினங்கள்.