பலர் எழுதிய சமையல் நூல்



ஒரு நூலைக் கண்டதும் அதன் ஆசிரியர் யார் என்று கேட்பது நம் வழக்கம். ஒரே நூலுக்கு நூறு ஆசிரியர் இருத்தல் கூடுமோ? கூடும். அமெரிக்க நாட்டில் ஆமிஷ் மக்கள் வாழும் ஊர்களில் வெளியாகும் சமையல் நூல்கள் அத்தகையவை.

ஆமிஷ் மக்கள் கிறித்தவ சமயத்தின் ஒரு பிரிவினர். 1693-ஆம் ஆண்டில் யாக்கோபு அம்மான் என்பாரைப் பின்பற்றிப் பிரிந்தவர்கள். ஐரோப்பாவில் நேர்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி, 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறினர். 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர்கள் தொகை ஏறத்தாழ 4 இலட்சம். குதிரை வண்டியில் செல்வர். பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடார். விறகடுப்பும் எரிவாயு அடுப்புமே அவர்கள் சமையலுக்குத் துணை. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகின்றது. ஆகவே, தாயின் அருகில் நிற்பதே பெண் குழந்தைக்கு உயர்கல்வி.

அவர்களுக்குத் தனிக் கோயில் பெரும்பாலும் இல்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஒருவர் இல்லத்தில் கூடி வழிபடுவர். வழிபாடு முடிந்ததும் ரொட்டி, நிலக்கடலை விழுது, காடியில் ஊறிய பீட்ரூட் ஆகியவற்றை அனைவரும் சேர்ந்துண்பர். உலர்ந்த ஆப்பிள் துண்டுகளுக்கு அவர்கள் மொழியில் 'ஷ்னிட்ஸ்' என்று பெயர். அதனை மாவுக்கூட்டில் நிரப்பிச் சுட்ட 'பை' என்னும் பண்டமும் அவ்விருந்தில் இடம் பெறுவதுண்டு.

ஒருவர் கொட்டகை தீக்கிரையானால், ஊரார் திரண்டு புதியதன் சட்டகத்தை ஒரே நாளில் நிறுத்திவிடுவர். ஆடவர் மரம் ஏற்ற, மகளிர் உணவு சமைப்பர். அத்தகைய ஒரு நாளுக்கான பழைய பட்டியல் ஒன்று அச்சில் உள்ளது. உண்டவர் 175 பேர். எலுமிச்சைப் 'பை' மட்டும் 115! எண்ணெயில் பொரித்த இனிப்புகள் 500!

இப்பட்டியலைக் காத்துத் தந்தவர் மேரி எம்மா ஷோவால்ட்டர் என்னும் அம்மையார். ஆமிஷ் மக்களுக்கு உறவான மெனோனைட்டுப் பிரிவினர். வர்ஜீனியாவில் கல்லூரி மனையியல் ஆசிரியை. பாட்டிமாரின் பழைய குறிப்பேடுகளில் அளவு என்பதே அரிது. வெண்ணெய் முட்டையளவு, மாவு கெட்டிப்படும் மட்டும் என்பதே அக்காலத்து வாய்பாடு. எழுதியவருக்கு அது போதும், பேத்திக்குப் போதுமோ? அம்மையார் பல ஊர்ப் பெண்களிடம் குறிப்புகளைத் திரட்டி, அளவுகளை வரையறுத்து, 1950-இல் நூலாக வெளியிட்டார்.

ஆமிஷ் ஊர்களிலும் இவ்வகை நூல்கள் பல வெளிவந்துள்ளன. சில, ஊர்ப் பள்ளிக்குப் பொருள் திரட்டுவதற்கென்றே அச்சிடப்பட்டவை. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதனைத் தந்தவர் பெயர் இருக்கும். ஒரே பண்டத்திற்கு நான்கு பெண்கள் நான்கு முறைகள் தந்தால், நான்கும் அச்சேறும். எவர் கைப்பக்குவமும் தள்ளப்படுவதில்லை.

அளவு எதற்கு என்று கேட்பீர்கள். இம்மக்கள் கோடைக் காய்கனிகளைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்துக் குளிர்காலத்திற்குச் சேமிப்பர். சாடியைச் சூடேற்றி ஆறவிட, உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடி இறுகும். புளிப்புள்ள பழங்களுக்குக் கொதிநீரே போதும். புளிப்பில்லாத பீன்ஸ், இறைச்சி முதலியவற்றிலோ, கொடிய நஞ்சை உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. அழுத்தக் கலத்தில், குறித்த நேரம் வேகவைத்தே தீரவேண்டும். இனிப்பில் அளவு தவறினால் சுவை கெடும். இங்கே தவறினால் உயிர் போகும்.

பல்லாண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த நான், எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தேன். ஆயினும் என் அன்னையார் வைத்த சுண்டைக்காய்க் குழம்பின் பக்குவத்தை ஒருநாளும் கேட்டு எழுதினேன் அல்லேன். அவர் மறைந்தபின் எங்கள் இல்லத்தில் எவர் முயன்றும் அச்சுவை மீளவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற அப்பெண்கள் செய்ததை, கற்ற நான் செய்யத் தவறினேன்.

மாணவ மணிகளே! இன்று மாலை ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் இல்லத்து மூதாட்டியின் அருகில் அமருங்கள். அவர் ஒரு கைப்பிடி என்றால், அதனை அளந்து பார்த்து எழுதுங்கள். அதன் கீழே அவர் பெயரையும் எழுத மறவாதீர்கள்.